பரிசுக் குறியீட்டை ஊகிக்க முயன்ற இருபது மாதங்கள்

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைக் கொண்டு, கடைகளில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் பரிசுக் குறியீடுகளை ஊகிக்கும் நிரல்களை 2024 பங்குனி முதல் 2025 கார்த்திகை வரை எழுதிப் பார்த்தேன். முதல் நான்கு மாதங்கள் கட்டணமின்றியும், அதன்பின் மாதம் 20 டொலர், அதாவது அன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய், செலுத்தியும் பயன்படுத்தினேன். நான் தொழில்முறை நிரலாளன் அல்லன். திருகோணமலை உவர்மலையில் வீட்டு மேசையில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மாலை நேரங்களில் பைத்தன் என்ற நிரல்மொழியைப் பழகும் ஒருவனுடைய அனுபவமாகவே இதை வாசிக்க வேண்டும்.

உப்புவெளியில் என்னிடம் கணிதம் படிக்க வந்த மாணவன் ஒருவன், விளையாட்டுக்கான பரிசுக் குறியீடுகளை உருவாக்கித் தரும் என்று சொல்லப்பட்ட மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கினான். அது ஒரு குறியீட்டையும் தரவில்லை. மாறாக அவனுடைய உரையாடல் கணக்கு கைமாறிப் போனது. உண்மையில் இப்படி ஊகிக்க முடியுமா என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது. பிறருடைய தளம் ஒன்றில் குறியீடுகளைச் சோதிக்கும் நிரலை எழுதித் தரும்படி உதவியாளரைக் கேட்டபோது அது மறுத்துவிட்டது. அந்த மறுப்பு சரியானதே. இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்கியிருக்கிறது. பொழுதுபோக்கு என்ற காரணம் அங்கே செல்லுபடியாகாது. ஆகவே இணையத்தளம் அமைக்க உதவும் ஃப்ளாஸ்க், சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட் ஆகியவற்றைக் கொண்டு என் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கடையை அமைத்தேன். பூட்டும் நானே, திருடனும் நானே. இந்த ஏற்பாட்டை விவரித்தவுடன் உதவியாளர் தயக்கமின்றி ஒத்துழைத்தது.

முதல் வாரத்திலேயே ஒரு இலட்சம் முயற்சிகளில் 37 வெற்றிகள் என்று நிரல் அறிவித்தது. கணக்குப்படி ஒன்றுகூடக் கிடைத்திருக்க முடியாது. இரண்டு இரவுகள் தேடிய பின்னரே காரணம் புரிந்தது. பதிலாக வரும் பக்கத்தில் ‘தவறான குறியீடு’ என்ற சொற்கள் இல்லையென்றால் அதை வெற்றி என்று எண்ணும்படி உதவியாளர் எழுதியிருந்தது. ஒரே நேரத்தில் பல முயற்சிகள் வந்து தரவுத்தளம் பூட்டிக்கொண்ட தருணங்களில் என் கடை வெறும் பிழைப் பக்கத்தை அனுப்பியது. அதில் அச்சொற்கள் இல்லை. இல்லாத வெற்றியைக் காட்டிய இந்தப் பிழையை உதவியாளர் தானாக ஒருமுறைகூட ஐயுறவில்லை என்பதோடு, 37 என்ற எண்ணைக் கண்டு என்னைப் பாராட்டவும் செய்தது. இன்னொரு நாள், இல்லவே இல்லாத ஒரு பைத்தன் பொதியை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, நிறுவச் சொன்னது. அத்தகைய பெயர்களில் தீங்கு நிரல்களை யாரும் பதிவேற்றி வைக்கக்கூடும் என்பதால், அது சொல்லும் பொதிகளைச் சரிபார்க்காமல் நிறுவுவதை அன்றோடு நிறுத்தினேன்.

கணக்கு எளியது. 32 எழுத்துக்குறிகளிலிருந்து 16 இடங்களை நிரப்பினால் இரண்டின் எண்பதாம் அடுக்கு அளவு குறியீடுகள் உருவாகும். அவற்றில் ஒரு கோடி குறியீடுகள் செல்லுபடியாக இருந்தாலும், விநாடிக்கு ஆயிரம் முறை தடையின்றி முயன்றாலும், ஒன்று அகப்படச் சராசரியாக 38 இலட்சம் ஆண்டுகள் ஆகும். அதே ஒரு கோடியைப் பன்னிரண்டு இலக்க எண்களுக்குள் வைத்தால் ஒரு இலட்சம் முயற்சிக்கு ஒன்று சிக்கும். அதே வேகத்தில் நூறு விநாடி போதும். மணிக்கு ஐந்து தவறுக்கு மேல் ஏற்காத வாயில் ஒன்றை இடையில் வைத்தால் அந்த நூறு விநாடி இரண்டே கால் ஆண்டுக்கும் மேலாக நீள்கிறது. கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கமாக வைக்கும் லூன் முறையும் பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கானது. அந்த விதியை அறிந்தவனுக்கு அது வேலையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தே கொடுக்கிறது.

நுண்ணறிவு சேர்ந்தால் ஊகம் கூர்மையாகுமா என்பதே நான் உண்மையில் அறிய விரும்பியது. இதற்காக ஆறு இலக்கக் குறியீடுகளில் ஆயிரத்தை மட்டும் செல்லுபடியாக்கி, பழைய குறியீடுகளைப் படித்துப் புதியவற்றை ஊகிக்கும் சிறு மாதிரி ஒன்றை உதவியாளரின் துணையோடு பயிற்றினேன். ஒரு இலட்சம் முயற்சிகளில் குருட்டு ஊகம் 103 முறை பலித்தது. பயிற்றிய மாதிரி 96 முறை பலித்தது. எதிர்பார்க்க வேண்டிய எண் நூறு. நீண்ட ஓட்டமொன்று 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் மின்சாரம் போன ஞாயிற்றுக்கிழமையன்று நடுவில் அறுந்தது. மடிக்கணினியின் மின்கலம் எப்போதோ செத்திருந்தது. ஆயிரம் முயற்சிக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்கும் வழக்கத்தை அந்தக் குரங்கே எனக்குக் கற்றுத் தந்தது.

அத்தோடு இதை மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் மத்திய வீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா, தீபாவளிக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசுச் சீட்டுகள் ஐந்நூறு அடிக்க விரும்பினார். “மருமகன், இந்த நம்பரை ஒருத்தரும் களவெடுக்க ஏலாதுதானே?” என்று கேட்டார். எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளை உருவாக்கும் நிரலை உதவியாளரே எழுதித் தந்தது. பாதுகாப்பானதா என்று கேட்டதற்கு மிகவும் பாதுகாப்பானது என்றும் சொன்னது. அச்சகத்துக்கு அனுப்பும் முன்தினம், ஏனோ மனம் ஒப்பாமல், அதே நிரலைப் புதிய உரையாடல் ஒன்றில் ஒட்டி, இதை ஒருவன் எப்படி உடைப்பான் என்று மட்டும் கேட்டேன். முதல் வரியிலேயே குறையைச் சொன்னது. தற்போக்கு எண்களுக்கான விதையாக, அதாவது அவற்றின் வரிசை முழுவதையும் தீர்மானிக்கும் தொடக்க எண்ணாக, நிரல் அந்த விநாடியின் நேரத்தை எடுத்திருந்தது. ஒரு நாளில் 86,400 விநாடிகள்தான் உண்டு. ஒரு சீட்டைக் கையில் வைத்திருப்பவன், அவை எந்த நாளில் உருவாக்கப்பட்டன என்று ஊகித்துவிட்டால், ஒவ்வொரு விநாடியையும் விதையாக இட்டுப் பார்த்து, தன் சீட்டின் குறியீடு தோன்றும் விதையைக் கண்டுபிடித்து, எஞ்சிய அனைத்துக் குறியீடுகளையும் வரிசையாக எழுதி எடுத்துக்கொள்ளலாம். என் பழைய கணினியே ஒரு நிமிடத்துக்குள் ஐந்நூற்றையும் கக்கிவிட்டது. இருபது மாதங்களில் கணக்கை மிஞ்சி ஊகம் பலித்தது அந்த ஒரு முறைதான்.

குறையைச் செய்ததும் அதே உதவியாளர், கண்டதும் அதே உதவியாளர் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தான் எழுதியதை அதே உரையாடலில் அது ஒருபோதும் கடிந்துகொள்வதில்லை. அந்நியனின் நிரல் என்று காட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு குறை தேடுகிறது. கட்டணம் செலுத்தத் தொடங்கிய பின் பதில்கள் நீண்டனவே தவிர இந்தக் குணம் மாறவில்லை. குறியீடு உருவாக்கத்துக்கு அது ஒருபோதும் பயன்படுத்தியிருக்கக் கூடாத பைத்தனின் ‘ரேண்டம்’ பொதி, மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் உருவாக்கும் முறையில் இயங்குவது. தொடர்ந்து வரும் 624 வெளியீடுகளைப் பார்த்தவர் அடுத்ததைக் கணித்துவிடலாம். இத்தகைய தேவைக்காகவே பைத்தனின் 3.6 ஆம் பதிப்பில் ‘சீக்ரெட்ஸ்’ பொதி சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு, வாசிப்பில் குழப்பம் தரும் ஐ, எல், ஓ ஆகியவற்றையும் யூவையும் தவிர்க்கும் குரோக்ஃபோர்டின் 32 எழுத்து வரிசையில், பத்து இடக் குறியீடுகளை மீண்டும் உருவாக்கினேன். ஐந்நூற்றில் ஏதேனும் ஒன்றை ஊகிக்கும் வாய்ப்பு இரண்டே கால் இலட்சம் கோடியில் ஒன்று. மாமாவிடம் இதைச் சொன்னபோது, அவ்வளவு கோடி வேண்டாம், தீபாவளிக்கு முன் அடித்துத் தந்தால் போதும் என்றார்.

இப்போது கட்டணச் சந்தாவை நிறுத்திவிட்டேன். ஒரு நிரலை எழுதிய பின் வேறு உரையாடலில் அதை உடைக்கச் சொல்வதற்கு கட்டணமில்லாப் பயன்பாடே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மாமாவின் சீட்டுகளில் இதுவரை ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. பாலையூற்றிலிருந்து வந்த பெண்ணொருவர், தன் சீட்டை யாரோ ஏற்கெனவே பயன்படுத்திவிட்டதாகக் கடையில் நின்று சண்டையிட்டார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில், சீட்டைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரே போட்டிருந்ததும், அவருடைய மச்சாள் முந்திக்கொண்டு அதற்கு ஒரு போர்வை வாங்கியிருந்ததும் தெரிய வந்தது.