கிருஷ்ணகிரி பக்கம் ஆண் கருத்தடை முகாம்: சேவை எப்படி?

கத்தியில்லா முறை. விதைப்பையில் மரப்பு ஊசி, ஒரு சின்னத் துளை, விந்துக்குழாயை வெளியே எடுத்து வெட்டிக் கட்டுகிறார்கள். தையல் கிடையாது, 20 நிமிடத்துக்குள் முடிகிறது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, "வேண்டாம்னா இப்பவே கிளம்பலாம்ணா" என்கிறார் செவிலியர். சாதாரண விஷயமில்லை இது. நெருக்கடி நிலையில், 1976-77இல் மட்டும், நாடு முழுக்க 82 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவை. இலக்கை எட்டச் சம்பளத்தை நிறுத்தினார்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் இன்னும் ஒதுங்குவதில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு.

குறை, அனுப்பும்போது காட்டும் அவசரம். குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு உடனே தீராது. 3 மாதம் ஆணுறை, பிறகு பரிசோதனையில் பூஜ்யம் வந்தால்தான் நிச்சயம். இதை அட்டையில் பொடி எழுத்தில் போட்டால் யார் படிப்பார்? ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதையும் (மாங்காய் சீசனில்!) கேட்டால்தான் சொல்கிறார்கள்.