சின்னம்மை அரிப்புக்கு வேப்பிலை மஞ்சளா, கலமைன் லோஷனா?

மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது தருமபுரிப் பக்கத்து ஊர்களில் குழந்தைகளுக்குச் சின்னம்மை காண்பது புதிதன்று. எங்கள் நான்கு வயது மகளுக்குக் கண்டபோது, வேப்பிலைக் கொழுந்தோடு மஞ்சள் சேர்த்து அரைத்துப் பூச வேண்டும் என்று என் மாமியார் சொன்னார். குழந்தை மருத்துவர் கலமைன் லோஷன் எழுதிக் கொடுத்தார். நாங்கள் பூசியது கலமைன்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் அதில் மனவருத்தம் உண்டு.

இரண்டில் எதுவும் வைரஸை ஒழிப்பதில்லை. நலமாக உள்ள குழந்தைக்குச் சின்னம்மை பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். பூச்சு அரிப்பைத் தணிக்க மட்டுமே. வேம்பு தெருவிலேயே நிற்கிறது, கலமைனும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்பதால் விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானித்தது, பூசிய பிறகும் தோலைக் கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதே. அரிப்பைவிட அஞ்ச வேண்டியது, சொறிந்து உடைந்த கொப்புளத்தில் பாக்டீரியா புகுந்துவிடுவதுதான். கொப்புளத்தைச் சுற்றிச் செம்மை படர்வதும், அவ்விடம் சூடாகி வீங்குவதும், சீழ் கட்டுவதும், தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறுவதும் அதன் அடையாளங்கள். நம் மாநிறத் தோலில் செம்மை முதலிலேயே மங்கலாகத்தான் தெரியும். அதன்மேல் மஞ்சளும் ஏறிவிட்டால் செம்மை மறைவதோடு, சீழ் எது, பூச்சு எது என்று பிரித்தறிவதும் கடினமாகிறது, அந்தக் கறை குளிப்பாட்டினாலும் உடனே போவதில்லை. அரைப்பு காய்ந்து பொருக்கோடு ஒட்டிக்கொண்டால், உரிக்கும்போது பொருக்கும் பெயர்ந்து தழும்பாகலாம். அம்மியும் தண்ணீரும் எவ்வளவு சுத்தம் என்பது தனிக் கவலை.

கலமைனில் இருப்பது துத்தநாக ஆக்சைடு; இரும்பு ஆக்சைடு கொஞ்சம் கலந்திருப்பதால் இளஞ்சிவப்பாக இருக்கிறது. நீர் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. புட்டியை நன்றாகக் குலுக்கிப் பஞ்சால் மெல்லியதாக ஒற்ற வேண்டும்; தடிப்பாகப் பூசினால் இதுவும் காய்ந்து வெடிக்கும், தோலையும் மறைக்கும். ஆனால் வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போய்விடுவதால், நாள்தோறும் ஒருமுறை உடம்பு முழுவதையும் வெளிச்சத்தில் பார்த்துவிட முடிகிறது. சின்னம்மையில் சில நாள்களுக்குப் புதிய கொப்புளங்கள் அணியணியாக வந்துகொண்டே இருப்பதால் இந்தப் பார்வை அவசியமாகிறது. கண்ணருகிலும் வாய்க்குள்ளும் இதைப் பூசக் கூடாது. இரவு அரிப்பை இது முழுமையாக அடக்கியதாகவும் சொல்ல மாட்டேன். நகத்தை ஒட்ட வெட்டியது அதற்குச் சமமாகவே உதவியது.

வேப்பிலையை வீட்டைவிட்டு விலக்கவில்லை. வாசலில் கொத்துச் செருகியதும் அம்மன் வந்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் வராமல் ஒதுங்கினார்கள். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் நோய்க்கு அது நல்ல ஏற்பாடு. சொறியக் கை போனபோதெல்லாம் மாமியார் கொத்தால் வருடிக் கொடுத்தார். வேப்பெண்ணெயை மட்டும் குழந்தையின் வாயில் விடவே கூடாது, அது நஞ்சாகலாம். காய்ச்சல் மருந்துகளில் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இந்நோயில் தவிர்க்க வேண்டியவை.

இது ஒரு குழந்தையை வைத்துச் சொல்வது. ஏற்கெனவே கரப்பான் (எக்ஸிமா) உள்ள தோலுக்கும் இது சரி என்று துணிந்து சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்குக் கொப்புளம் வரும் இன்னொரு வைரஸ் நோயான கை, கால், வாய் நோய்க்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, ஏனெனில் அங்கே பெருந்தொல்லை வாய்ப்புண்தான். ஆறிய கஞ்சியும் இளநீரும் உள்ளே இறங்குகின்றனவா, சிறுநீர் வழக்கம்போலப் போகிறதா என்று பார்ப்பதே அதில் முதல் வேலை.