போகிப் புகைக்கு எது: காற்றுச் சுத்திகரிப்பானா, என்-95 முகக்கவசமா?

போகி விடிகாலையில் சென்னையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். டயரும் பழைய பாயும் எரிந்த புகை மேலே ஏறாமல் பனியோடு கலந்து தெருவிலேயே தங்கிவிடும்.

வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் சுத்திகரிப்பான்தான். பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை நம்பாமல் சி.ஏ.டி.ஆர். எண்ணை, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதைப் பாருங்கள். 10-க்கு 12 அடி அறை, உயரமும் 10 அடி என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று வடிகட்டப்பட சி.ஏ.டி.ஆர். 170 வேண்டும். அந்த எண் முழு வேகத்துக்கானது. சத்தம் என்று குறைத்து வைத்தால் அந்த அளவு கிடைக்காது. முதல் நாள் இரவே ஜன்னலைச் சாத்தி, கதவடி இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். ஸ்பிளிட் ஏசியின் வலை நுண்துகளைப் பிடிக்காது. சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெப்பா என்ற நுண்வடிகட்டி துகளைப் பிடிக்கும், டயர் நாற்றத்தைப் பிடிக்காது. அதற்குக் கனமான கரி வடிகட்டி தேவை.

பால் வாங்கவோ வேலைக்கோ வெளியே போகிறவருக்கு சுத்திகரிப்பானால் பயனில்லை. என்-95 மலிவு, ஆனால் முகத்தோடு ஒட்ட வேண்டும். மூக்குக் கம்பியை இரு கைவிரலாலும் அழுத்தி, பலமாக ஊதுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே காற்று ஒழுகுகிறது. தாடி இருந்தாலும் அதே கதைதான். குழந்தைக்குப் பெரியவர் அளவு பொருந்தாது. துவைத்தால் வடிகட்டும் திறன் போய்விடும்.

எதை வாங்கினாலும் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புகை கலைந்த பிறகு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.