சண்டையா, இணைசேர்தலா? பின்னிக்கொண்ட இரு பாம்புகளைப் பிரித்தறிவது எப்படி

இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், இணைசேர்கின்றன என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இரு ஆண்களின் மல்யுத்தம்.

தலை
சண்டை: முன்னுடல் தரையிலிருந்து எழும். எதிரியின் தலையைத் தரையில் அழுத்துவதுதான் ஒரே குறி. விழுந்ததும் மறுபடி எழுந்து மறுபடி பின்னும்.
இணைசேர்தல்: இரண்டும் தாழ்ந்தே கிடக்கும். ஆண், பெண்ணின் முதுகில் படர்ந்து நாக்கை நீட்டி நீட்டித் தடவும்.

வால்
சண்டை: உடல் பின்னும், ஆனால் புணர்ச்சி இருக்காது.
இணைசேர்தல்: வாலடி ஒட்டியே இருக்கும், சில நேரம் மணிக்கணக்கில்.

முடிவு
சண்டை: தோற்றது விலகி ஓடும், வென்றது சில நேரம் துரத்தும்.
இணைசேர்தல்: துரத்தல் இல்லாமல் பிரியும்.

என்னை வியக்க வைப்பது விஷம்தான். ராஜநாகம், விரியன், கருப்பு மாம்பா எல்லாவற்றிடமும் கொல்லும் ஆயுதம் இருக்கிறது; ஆனாலும் இந்தப் போட்டியில் கடிப்பது அரிது. வெறும் உடல் வலிமைதான் பேசுகிறது, அதனால் பெரிய ஆணே பெரும்பாலும் வெல்லும்.

சரி, எதை நம்புவது? தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தலையின் உயரம் போதும். நல்ல லென்ஸ் வைத்திருப்பவர் வாலடியைப் பார்க்கலாம். இரண்டுக்காகவும் கிட்டே போக வேண்டாம்.