அஸ்வெசும காசு வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல்: எங்கள் வீட்டு அனுபவம்

2023 ஜூலையில், அரசு வறிய குடும்பங்களுக்குத் தந்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும என்ற மாதக் கொடுப்பனவு வந்ததில் இருந்து எங்கள் வீட்டில் அந்தக் கடதாசிகள், பாங்க் புத்தகம் எல்லாம் என் பொறுப்பு. ஊரில் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். நேரே சொன்னால், காசு வரத் தொடங்கிய பிறகு பெரிய குறை இல்லை. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிற முறைதான் யாழ்ப்பாணத்து வீடுகளோடு ஒத்துவரவில்லை.

வருமானத்தை மட்டும் கேட்டு எழுதுவதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதி, அதற்குள் 22 குறிகாட்டி, ஒவ்வொன்றையும் பார்த்துப் புள்ளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நாட்கூலிக்காரன் மாத வருமானத்துக்கு எந்தக் கடதாசியைக் காட்டுவான்? ஆனால் நாங்கள் இருப்பது கனடாவில் இருக்கிற பெரியப்பாவின் வீடு, பூட்டிக் கிடந்தால் பாழாகிவிடும் என்று எங்களை இருக்க விட்டிருக்கிறார். ரைல்ஸ் பதித்த விறாந்தை, உள்ளுக்குள்ளேயே குளியலறை, முன்னுக்குப் பெரிய கேற். என் கணவருக்கு மேசன் வேலை, கார்த்திகை மார்கழி மழைக்கு அரைவாசி நாள் வீட்டில்தான் நிற்பார். கணக்கெடுக்க வந்த பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நிலத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து "அக்கா, வெளிநாட்டுக் காசு வாறதோ?" என்று கேட்டார். பெரியப்பா வருஷத்தில் ஒருதரம் கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிறார். அதை எங்கள் வருமானம் என்று எழுதுவதா, அம்மனின் வருமானம் என்று எழுதுவதா?

பட்டியல் வந்தபோது எங்களுக்கு இடைநிலைப் பிரிவு, 2,500 ரூபாய், அதுவும் அந்த வருஷம் டிசம்பர் வரைக்கும்தான் என்று முதலில் சொன்னார்கள். அதைவிடக் கஷ்டமான பிரிவுகளுக்கு அப்போது 5,000, 8,500, மிக வறிய பிரிவுக்கு 15,000.

மேன்முறையீடு போட்டேன். அதில் நான் செய்தது இதுதான், இதையே உங்களுக்கும் சொல்வேன்: கஷ்டத்தைக் கதையாக எழுதாதீர்கள், எந்தப் பதிவு பிழை என்று எழுதுங்கள். வீடு எங்களுடையது இல்லை என்று விதானையாரிடம் (கிராம சேவகர்) எடுத்த கடிதம், பெரியப்பாவின் பெயரில் வருகிற கரண்ட் பில், அம்மாவின் கிளினிக் கொப்பி, எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து இணைத்தேன். கொடுத்ததற்கு அடையாளமாக எங்கள் பிரதியில் திகதியோடு சீல் குத்தித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் மேல் மேன்முறையீடு போன நேரம் அது, பதிலுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டித்தான் வந்தது. கடைசியில் 8,500 பிரிவுக்கு மாற்றினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, ஆட்சேபனை. தகுதி இல்லாதவருக்குக் கிடைத்திருக்கிறது என்று யாரும் எழுதிப் போடலாம். எங்கள் ஒழுங்கையில் யார் யாருக்கு எதிராக எழுதினது என்று எல்லாருக்கும் தெரியும், கோயிலில் கண்டால் "சுகமோ?" என்றும் கேட்டுக்கொள்வார்கள்.

பாங்க் வேலை லேசு என்று நினைத்தேன். பிரதேச செயலகம் தருகிற கடிதத்தைக் கொண்டுபோனால் அரச வங்கியில் கணக்குத் திறக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அடையாள அட்டையில் தகப்பனின் முதலெழுத்து, வேறு பத்திரங்களில் புருஷனின் பெயர். ஒரு வங்கியில் இதைச் சொல்லியே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பெயரும் என்னுடையதுதான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்த பிறகுதான் சரிவந்தது. உங்களுக்கும் பெயர் இப்படி இருந்தால் காசு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் முதலே ஒன்று முடித்து வையுங்கள்.

காசு போதுமா? 2025 ஜனவரியில் இருந்து எங்கள் பிரிவுக்கு 10,000, மிக வறிய பிரிவுக்கு 17,500. நாட்டரிசி கிலோ 230 என்று 2024 டிசம்பரில் வைத்த கட்டுப்பாட்டு விலையில் பார்த்தால் 10,000 ரூபாய்க்கு 43 கிலோ. ஆனால் எங்கள் வீட்டில் சிவப்புப் புழுங்கல் இல்லாவிட்டால் அம்மா சோற்றைத் தொடமாட்டா, அதனால் அந்தக் கணக்கு கடதாசியில் மட்டும்தான். சமுர்த்திக் காலத்தில், 2021 வரைக்கும், நாலு பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கே 3,500 தான் என்பதை நினைத்தால் இது பரவாயில்லை, அதற்குள் விலைவாசி எங்கே போய் நிற்கிறது என்பதையும் நினைத்தால் வாய் திறக்க மனமில்லை. 70 தாண்டியவர்களின் முதியோர் கொடுப்பனவு தனி, அது 2,000இல் இருந்து 3,000 ஆகி இப்போது 5,000. அம்மாவின் மருந்துக்கும் ஓட்டோவுக்கும் அது போய்விடும்.

சாப்பாட்டு உதவியில் எனக்குப் பிடித்தது திரிபோஷா என்ற சத்துமாதான். தங்கச்சியின் மகன் நிறை குறைவு என்று கிளினிக்கில் கொடுக்கிறார்கள், 750 கிராம் பைக்கற். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டையாக்கிக் கொடுத்தால் சின்னவன் ஒன்றுக்கு இரண்டு சாப்பிடுவான், பெரியவர்களும் கையை நீட்டுவார்கள், அதைக் காப்பாற்றி வைப்பது தனிப் போராட்டம். 2022இல் தட்டுப்பாடாக இருந்தபோது கிளினிக்கில் வெறுங்கையோடுதான் அனுப்பினார்கள்.

கிடைத்ததைத் தக்கவைப்பதற்கும் வேலை இருக்கிறது. 2025இல் தகவல் புதுப்பிக்கச் சொன்னார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பிறப்பு, இறப்பு, இடம் மாறினது எல்லாவற்றையும் அவ்வப்போது விதானையாரிடம் பதியுங்கள். கணக்கெடுக்க ஆள் வருகிற நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் நில்லுங்கள். பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு வேலைக்குப் போனால், ரீவி இருக்கோ, பிறிட்ஜ் இருக்கோ என்று கேட்கக் கேட்க அவர்கள் எல்லாவற்றுக்கும் "ஓம், இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள், பழுதாகி உடுப்பு அடுக்குகிற பிறிட்ஜையும் சேர்த்து.