ஓடா, அஸ்பெஸ்டஸ் சீற்றா?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோர் பலர் கூரை வேலைக்கு வந்ததும் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

செலவு: சீற் மலிவு, மரமும் குறையப் போதும். ஓட்டுக்குச் சிலாகை (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) நெருக்கமாக அடிக்கவேண்டும். அந்த மரத்துக்குப் பனை தறிப்பதென்றால் அனுமதியும் வேண்டும்.

வெக்கை: சித்திரையில் சீற்றுக்குக் கீழே இருக்கேலாது. ஓடு பரவாயில்லை.

உடைந்தால்: ஓட்டில் ஒன்றை மாற்றினால் சரி, கழற்றிய ஓட்டை வேறு வீட்டுக்கும் போடலாம். சீற்றில் வில்லங்கம் தூசுதான். வெட்டும்போதும் துளைக்கும்போதும் கிளம்பும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கை 1987 இல் தடைசெய்தது நீல அஸ்பெஸ்டஸ் என்ற ஒரு வகையை மட்டுமே. பழைய சீற்றை நனைத்து, உடைக்காமல் இறக்குங்கள். நொறுக்கி ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்புவது மகா பிழை.

சுற்றுச்சூழலுக்கு ஓடும் முழுச் சுத்தமில்லை: களிமண் தோண்டிய குழி, சூளையில் எரிக்கும் விறகு, தெற்கிலிருந்து ஏற்றிவரும் லொறி.

நிரந்தர வீட்டுக்கு ஓடு, கிடைத்தால் பழைய ஓடே திறம். ஆட்டுக்கொட்டிலுக்குப் பனையோலை போதும். கையில் காசு குறைவென்றால் சீற்றை விடத் தகரம் மேல். கீழே ஓலைத்தட்டி கட்டினால் வெக்கை தணியும்.