டிரேக் நீரிணையைக் கப்பலில் கடப்பதா, விமானத்தில் தாண்டுவதா, ஸ்வால்பார்ட் போவதா?

துருவப் பகுதிக்கு விலங்குகளைப் பார்க்கப் போனால் ஏதாவது ஒரு நாள் வானிலை கெடத்தான் செய்யும். அதனால் வழியை முடிவு செய்யும்போது, வானிலை கெட்டால் நம்மிடமிருந்து எது போகும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலானோர் யோசிக்கும் மூன்று வழிகளை அப்படிப் பார்ப்போம்.

முதலாவது, அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பலேறி அண்டார்டிகா போவது. பீகிள் கால்வாயைத் தாண்டும் வரை இரண்டு பக்கமும் கரை இருப்பதால் கவலையில்லை. அப்புறம்தான் டிரேக் நீரிணை. தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்கும் அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர். அந்தத் தெற்குக் கடலில் மேற்கிலிருந்து வரும் காற்றையும் நீரோட்டத்தையும் தடுக்க நிலமே கிடையாது. பூமியைச் சுற்றி வரும் அவ்வளவு தண்ணீரும் இந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். கடக்க ஏறத்தாழ இரண்டு நாள், திரும்பும்போது மறுபடி இரண்டு நாள். சில சமயம் கடல் ஏரி போலக் கிடக்கும். கொந்தளித்தாலோ வெளித்தளத்தைப் பூட்டிவிடுவார்கள், நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும், பலருக்குச் சாப்பாடே இறங்காது.

ஆக இந்த வழியில் வானிலை எடுத்துக்கொள்வது உடம்பின் தெம்பை. ஆனால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்கிறது, அதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். வான்டரிங் அல்பட்ராஸ் என்னும் கடற்பறவைக்கு இறக்கை விரிப்பு 3 மீட்டருக்கு மேல். அலையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப்போக அதிகம். அந்த வித்தியாசத்தில் ஏறி இறங்கியே, இறக்கையை அடிக்காமல் வெகுதூரம் போய்விடும். காற்று அடங்கிவிட்டால் பெரும்பாலும் தண்ணீரில் உட்கார்ந்துவிடும். நமக்குக் குமட்டும் நாள்தான் அது முழு வீச்சில் பறக்கும் நாள். விலங்கு பார்க்கவே போகிறவர் இந்த நான்கு நாளை வீண் என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் ஒன்றான கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போய் அங்கே கப்பலேறுவது. சுமார் இரண்டு மணி நேரத்தில் டிரேக் முடிந்துவிடும். ஆனால் அங்கே இருப்பது சரளைக்கல் ஓடுபாதை. மேகம் தாழ்ந்தாலோ மூடுபனி வந்தாலோ விமானம் புறப்படாது. ஒரு நாள் வீணாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த நாள் பென்குயின்களோடு இருக்க வேண்டிய நாளிலிருந்துதான் கழியும். திரும்பும்போதும் இதே கதை. இங்கே வானிலை எடுத்துக்கொள்வது நேரத்தை. விடுமுறை முடிந்த மறுநாளே வேலைக்குப் போயாக வேண்டியவருக்கு இது சரிப்படாது.

இன்னொன்று, விமானம் காப்பாற்றுவது டிரேக்கிலிருந்து மட்டும்தான். கப்பல் போய்ச் சேரும் அண்டார்டிகா தீபகற்பத்தில் காற்று வலுத்தால் ரப்பர் படகில் கரையிறங்குவது இரண்டு வழியில் வந்தவர்களுக்கும் ரத்துதான். அங்கே ஒரு நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் பயணிகளை இறக்கவே கூடாது. காற்று இரண்டு மணி நேரம் அடங்கினால் சிறிய கப்பலில் எல்லோரும் இறங்கிவிடலாம், பெரியதில் இரண்டாவது அணிக்கு நேரம் இருக்காது. சிறிய கப்பல் நடுக்கடலில் அதிகம் ஆடும், அது உண்மை. இருந்தாலும் நான் சிறியதையே சொல்வேன்.

மூன்றாவது, வடக்கே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அங்குள்ள லாங்யியர்பியன் ஊருக்கு விமானத்தில் போனால், நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் குறுகிய கடல் பகுதியான ஃபியோர்டுக்குள்ளிருந்தே கப்பல் கிளம்பும், பெருங்கடலைக் கடக்கும் வேலை இல்லை. இங்கே தொல்லை மூடுபனி. பனிக்கரடி வருகிறதா என்று வழிகாட்டிகள் துப்பாக்கியோடு சுற்றிலும் கண்காணிக்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியாவிட்டால் கடல் அசையாமல் இருந்தாலும் இறங்க விடமாட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் கரடிக்கு 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கரடிக்கு நல்ல விதி, நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தத் தூரத்தில் லேசான மூடுபனியே கரடியை மறைத்துவிடும். இங்கே வானிலை எடுத்துக்கொள்வது காட்சியை. ஆறுதல் என்னவென்றால், கோடையில் சூரியன் மறையாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு மூட்டம் விலகினாலும் தளத்துக்கு வந்து பார்க்கலாம்.

குளிர் விஷயத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கோடையில் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 8 போலப் படும். நனைந்தால் இன்னும் மோசம். கனமான கோட்டைவிட நீர் புகாத கால்சட்டைக்கும் மாற்றுக் கையுறைக்கும்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

என் ஓட்டு கடல் வழிக்குத்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறையும். மருத்துவரைக் கேட்டு வாங்கிய குமட்டல் மாத்திரையைப் பீகிள் கால்வாய் முடிவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் ஆபத்து என்கிற அளவுக்கு முதுகோ மூட்டோ பலவீனமானவர்கள் விமானத்தில் போகலாம். ஆனால் விமானம் தாமதமானால் தங்கும் செலவு யாருடையது, பயணமே ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.